உறுமி மேளம்: தோட்டம் வளர்த்த வாத்தியக் குழுவின் நிறையும் குறையும்

உறுமி மேளத்தைப் பற்றி மலேசியத் தமிழர்களிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு விதம். தைப்பூசம் நெருங்கினால் ஒரு தரப்பு இரைச்சல், ரௌடித்தனம், பக்திக்குப் பொருந்தாத ஆட்டம் என்று குறை சொல்லும். மறுதரப்பு, முன்னோர் விட்டுச்சென்ற கலை, அதில் கை வைக்காதே என்று மல்லுக்கு நிற்கும். இரு தரப்பிலும் அந்த மேளத்தை நின்று கேட்டவர்கள் குறைவு. யார் எந்த வாத்தியத்தை வாசிக்கிறார்கள், ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்கு எப்படி மாறுகிறார்கள், எந்தக் குழு தேர்ந்தது, எது சுமார் என்றெல்லாம் பேச ஆளில்லை. கர்நாடகக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாப் பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் வாசிக்கும் மேளத்துக்கு மட்டும் ஒழுக்க விசாரணையோடு கடையைக் கட்டிவிடுகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத் தமிழர்கள் இந்த மண்ணில் தங்கள் காசில், தங்கள் கையால் கட்டி வளர்த்த இசை வடிவங்களில் உறுமி மேளம்தான் தலையானது. அதன் குறைகளில் பெரியது சத்தமோ ஆட்டமோ அல்ல. அது தன்னிடமிருந்த அடிகளை மறந்துகொண்டிருக்கிறது. அதை வாசிப்பவர்களும், வாசிக்கக் கூப்பிடும் கோயில் நிர்வாகங்களும், கேட்கும் நாமும் சேர்ந்துதான் அதை மறக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓர் ஊரிலிருந்து தொடங்குகிறேன். பெடாஸ் நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்துச் சிற்றூர். சிரம்பானிலிருந்து தம்பினுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அங்குள்ள வெந்நீர் ஊற்று தெரியும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் பெடாஸ் லிங்கி பெயர்ப்பலகை தெரியும். செம்போங், லிங்கி, ரந்தாவ், சிலியாவ் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தோட்டம்தான். முன்பு பால்மரம், இப்போது செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் பலவும் காலியாகிவிட்டன. ஆனால் செம்பனைக்குள் மண்சாலையில் போனால் கோயில் இருக்கும், பெரும்பாலும் மாரியம்மன் அல்லது முனியாண்டி. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழா வைப்பார்கள். சிரம்பான், கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிப்போன குடும்பங்கள் அன்று காரில் வந்து இறங்கும். தோட்டம் ஊராக இருந்த காலத்தின் மிச்சம் அந்த ஒரு நாள்தான். அந்த நாளைத் தொடங்கி நடத்தி முடித்து வைப்பது உறுமி மேளம்.

இந்த மேளம் எப்படி இங்கே வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது ஆள் தேவைப்பட்டது. ஆள் கொண்டுவரும் செலவுக்காக 1907-இல் மலாயா அரசு தமிழர் குடியேற்ற நிதியை ஏற்படுத்தியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதன் பிறகு கங்காணி முறையே கோலோச்சியது. 1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது நீடித்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் பிடித்தான். இசைக்கு இது முக்கியம். தனித்தனி மனிதர்கள் வந்திருந்தால் தனித்தனி வாத்தியம்தான் வந்திருக்கும். ஊரும் உறவுமாக வந்ததால், சேர்ந்து வாசிக்கும் பழக்கமும், எந்தச் சடங்குக்கு எந்த அடி என்ற ஞாபகமும் கூடவே வந்தன.

தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்திலும் தென்மாவட்டங்களிலும் கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் நாகசுரம் உண்டு, தவில் உண்டு. கூடவே பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். நம்முடைய உறுமி மேளத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உடனே கண்ணில் படும். இங்கே நாகசுரம் இல்லை. பண் இசைக்கும் வாத்தியம் விழுந்துவிட்டது, தோல் வாத்தியங்களும் தாளமும் மனிதக் குரலும் மட்டும் நின்றன. நாகசுரம் சிறு வயதிலேயே குருவிடம் போய்ப் பல ஆண்டுகள் உழைத்துக் கற்க வேண்டியது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு ஓடி, மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு வந்தவனுக்கு அந்த நேரமும் இல்லை, குருவும் இல்லை. தோல் வாத்தியத்தைப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். நாகசுரம் உதிர்ந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அந்த இழப்பு ஒரு புதிய வடிவத்துக்கும் வழிவிட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தோட்டத்தில் இன்னொரு தோல் வாத்தியமும் இருந்தது. தப்பு. இழவு வீட்டுக்கும் அதுதான், அம்மன் திருவிழாவுக்கும் அதுதான். அதை யார் அடித்தார்கள், எந்த வரிசை லயத்தில் இருந்தார்கள், மற்றவர்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பழைய தோட்டத்து ஆட்கள் அறிவார்கள். 1929-இல் பெரியார் மலாயா வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சீர்திருத்த இயக்கம் தோட்டங்களுக்குள் வேர் பிடித்தது. சாதித் தொழிலாகத் தப்படிப்பதை விட்டுவிடு என்று அது சொன்னது நியாயம். ஆனால் தொழிலோடு சேர்ந்து தாளமும் போனது. தப்பின் மறுபெயரான தமிழ்நாட்டுப் பறையில் ஒவ்வோர் அடிக்கும் பெயர் உண்டு. சப்பரத்து அடி, பாடம் அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று வரிசை நீளும். இங்கே ஓர் உறுமிக் குழுவில் இருக்கும் இளைஞனிடம் அடிகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். கையால் வாசித்துக் காட்டுவான், பெயர் சொல்லத் தடுமாறுவான். பெயர் போனால் பாடம் போகும். பாடம் போனால் கையில் நிற்பது இரண்டோ மூன்றோ அடிதான்.

ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் நகரத்து ஓரக் கம்பங்களுக்கும் நகர்ந்தன. அதே காலத்தில் கோயில்களும் மாறின. 1965-இல் மலேசிய இந்து சங்கம் தொடங்கியது. காவல் தெய்வக் கோயில்கள் பல ஆகம முறைக்கு மாறின, கோபுரம் கட்டின, குடமுழுக்குச் செய்தன. நாகசுரம் தவில் வாசிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வித்வான்களை ஒப்பந்தத்தில் வரவழைத்தார்கள். உறுமியும் பம்பையும் உள்ளே இடமிழந்து வாசலுக்கு வந்தன. வாசலில்தான் இளைஞர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் சீருடை அணிந்த, பெயர்ப்பலகை வைத்த, தொலைபேசி எண் போட்ட குழுக்கள் தோட்டம் கலைந்த பிறகு தாமான்களில் தழைத்தவை. தோட்டத்தைப் பார்க்காத தலைமுறை தோட்டத்து மேளத்தைக் கையில் எடுத்தது பெரிய விஷயம்.

இனி வாத்தியத்துக்குப் பக்கத்தில் போய் நிற்போம். உறுமி இடை சிறுத்த இருமுக மேளம். கழுத்திலிருந்து வாரில் தொங்கும். ஒரு முகத்தை மெல்லிய நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். பிசுபிசுப்பு ஏற்றிய தோலில் குச்சி வழுக்கியும் பிடித்தும் நகரும்போது தோல் விட்டுவிட்டு அதிர்கிறது, அதுதான் அந்த உறுமல். அழுத்தம் கூடினால் சத்தம் மேலே ஏறும், தளர்ந்தால் கீழே இறங்கும். ஒரே இழுப்பில் தாழ்விலிருந்து மேலுக்கும், மேலிருந்து மறுபடி தாழ்வுக்கும் குரலை வளைக்கலாம். நல்ல உறுமிக்காரர் தாளம் மட்டும் போடுவதில்லை, பேசுகிறார். நாகசுரம் இல்லாத குழுவில் ஏற்ற இறக்கம் என்று இருப்பது இந்த ஒரு தோல்தான். பண் இசைக்கும் வாத்தியத்தை இழந்த குழு, தாள வாத்தியம் ஒன்றையே பாட வைத்துவிட்டது. புதிய வடிவம் என்று நான் சொன்னது இதைத்தான்.

பம்பை இரட்டை மேளம், இடுப்போடு கட்டி இரு கையிலும் குச்சி பிடித்து வாசிப்பது. இரண்டும் இரண்டு குரல். பம்பை வேகத்தைத் தாங்குகிறது. தவில் நடையைப் பிடித்து வைக்கிறது. ஜால்ரா காலத்தைச் சொல்கிறது. மேலே பாடகர், பக்கத்தில் இழுத்துச்செல்லும் ஒலிபெருக்கி. எட்டுப் பேரும் உண்டு, பதினைந்து பேரும் உண்டு. நடத்துநர் கிடையாது, எழுதி வைத்த தாள் கிடையாது. மேனாட்டுச் சிறு வாத்தியக் குழுக்களில் முதல் வயலின்காரர் வில்லையும் தலையையும் அசைத்துக் குழுவை நகர்த்துவார். இங்கே அந்த வேலையைச் செய்வது மூத்த உறுமிக்காரரின் கண்.

கரகம் பாலித்துவிட்டு ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் ஊர்வலத்தில் இந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்கலாம். பால்குடம் சுமந்து வரும் பெண்ணின் நடை மாறுகிறது. தோள் இறுகுகிறது, மூச்சு ஏறுகிறது. உறுமிக்காரர் வரிசையை விட்டு விலகி அவள் காதருகே போகிறார். மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்கிறார்கள். பம்பை பாதிக் கையில் நடையை மட்டும் ஓட்டுகிறது. உறுமி நீளமாக ஓர் இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. பாடகர் அவர்கள் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். அருள் வந்த நொடியில் எல்லாத் தோல்களும் ஒன்றாக இறங்குகின்றன. அவள் காலடிக்குத் தகுந்தபடி காலம் கூடுகிறது, அவள் தளர்ந்தால் தளர்கிறது. ஒத்திகை பார்க்க முடியாத இசை இது. எதிரே இருக்கும் உடலைக் கேட்டு வாசிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனையும் கேட்க வேண்டும். உலகத்தின் எந்த வாத்தியக் குழுவுக்கும் இது உயர்ந்த திறமை. தேர்ந்த குழுவிடம் இது இருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது பலம் பாட்டு. நம் குழுக்கள் பாடுவதில் கணிசமான பாடல்கள் இங்கேயே கட்டப்பட்டவை. முனியாண்டி, காளியம்மன், மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன் என்று காவல் தெய்வங்களைப் பற்றி, இந்தத் தோட்டம், இந்த ஆறு, இந்த மரத்தடி என்று இடம் சொல்லிக் கட்டிய பாட்டுகள். பாட்டுக் கட்டியவர் பெரும்பாலும் லாரி ஓட்டுகிறவராகவோ தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை பார்ப்பவராகவோ இருப்பார். மலேசியத் தமிழ் இலக்கியம் என்று நாம் தொகுக்கும் எதிலும் இந்தப் பாடல்கள் இடம்பெறுவதில்லை. எழுத்தில் இல்லாததால் இலக்கியமில்லை என்று ஒதுக்கிவிட்டோம். நாட்டார் பாடல் என்று ஏடுகளில் படித்துப் பூரிக்கிறோம், நம் கண்ணெதிரே பிறப்பவை மட்டும் நம் தொகுப்பில் சேர்வதில்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அது கொஞ்சம் வலிக்கக்கூடியது. 1998 ஆகஸ்டில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அரங்கில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா தன் முதல் கச்சேரியை நடத்தியது. எண்ணெய் நிறுவனத்தின் பணம், டச்சு நாட்டவரான கீஸ் பாக்கெல்ஸ் என்ற இசை இயக்குநர், பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்து வரவழைத்த கலைஞர்கள். தொடக்கத்தில் அதில் மலேசியர்கள் மிகக் குறைவு. நம் பெரிய கோயில்களும் வேறு அளவில் இதையே செய்தன. பெருமைக்குரிய இசை என்றால் வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். வேலை அனுமதி தாமதமானால் கோயில் நாகசுரம் நின்றுபோகும். இந்த நாட்டில் பிறந்தவர்களே வாசித்து, தங்களுக்குப் பின் வாசிக்க ஆளையும் தாங்களே உருவாக்கும் தமிழ் வாத்தியக் குழு எது என்று தேடினால் விடை உறுமி மேளத்தில்தான் போய் நிற்கிறது. அதற்கு அரங்கம் கட்டிக் கொடுத்தவர் இல்லை, சம்பளம் போட்டவர் இல்லை. கொவிட் வந்தபோது இது சுட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி இல்லை, மேளம் இல்லை. திருவிழா இல்லையென்றால் இவர்களுக்கு வருமானம் இல்லை, ஒத்திகைக்குக் கூடவும் அனுமதி இல்லை. அப்படியும் திருவிழாக்கள் திரும்பியபோது குழுக்களும் திரும்பின.

இத்தனை பலம் உள்ள ஒன்றின் குறைகளைப் பூசி மெழுகக்கூடாது.

முதற்குறை வேகம். நான் விவரித்த அந்த ஊர்வலக் காட்சியில் நான்கு கட்டம் உண்டு: அழைப்பு, ஏற்றம், உச்சம், இறக்கம். அழைப்பு மெதுவானது. இறக்கம் என்பது சாமியை மலையேற்றுவது, ஆடிக் களைத்த உடலைப் படிப்படியாக நிதானத்துக்குக் கொண்டுவரும் வாசிப்பு. மூத்தவர்கள் இந்த இரண்டு முனைகளில்தான் ஒருவனின் கையை எடைபோடுவார்கள். இப்போதைய குழுக்கள் பலவற்றில் அழைப்பு பெயருக்குச் சில நொடி, நேரே உச்சம். மூன்றின் நடையில் ஒரே அடி, முடிந்தவரை வேகமாக, முடிந்தவரை சத்தமாக, அரைமணி நேரம். மலையேற்றும் வாசிப்பு கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. திடீரென்று நிறுத்திவிடுகிறார்கள். ஆடியவர் கீழே விழுந்து கிடக்க, தண்ணீர் தெளித்து எழுப்புவது உறவினர் வேலையாகிவிடுகிறது. இதை இசைக்குறை என்று மட்டும் பார்க்க முடியவில்லை, பொறுப்புக் குறைவும்கூட. ஓர் உடலை அங்கே கொண்டுபோனவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவரக் கடமைப்பட்டவர்கள்.

வேகத்துக்குக் காரணம் வாசிப்பவனின் திமிர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அதை நாம்தான் விலைக்கு வாங்குகிறோம். தைப்பூசத்தில் ஒரு காவடிக்குப் பின் ஒரு குழு, பத்தடி தள்ளி அடுத்த காவடி, அடுத்த குழு. பக்கத்துக் குழுவை அமுக்கினால்தான் நம் குழு காதில் விழும். அந்த நெரிசலில் மென்மையாக வாசிப்பவன் தோற்றுப்போவான். தைப்பூசத்தில் பழகிய கையைத்தான் அவன் பெடாஸ் பக்கத்துத் தோட்டக் கோயிலுக்கும் கொண்டுவருகிறான். சுற்றிலும் செம்பனை, போட்டிக் குழு இல்லை, ஐந்நூறு பேர் கூட இல்லாத இடத்தில் பத்துமலைச் சத்தம். கோயில் தலைவரும் சத்தம் போதவில்லை என்றால் காசு கொடுத்தது வீண் என்று நினைக்கிறார். சின்ன இடத்துக்குரிய நுட்பம் அங்கே வளர வழியே இல்லை.

சத்தத்தின் விலையை முதலில் கட்டுகிறவர்கள் வாசிப்பவர்களே. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடமே எல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. தவிலும் பம்பையும் ஒலிபெருக்கியும் சூழ நிற்பவன் அந்த இரண்டாவது எல்லையைத் தாண்டிய சத்தத்தில் இரவு முழுக்க நிற்கக்கூடும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள். காதடைப்பான் வைத்து வாசிக்கும் ஒருவரைப் பார்ப்பது அரிது. தொழிற்சாலையில் இந்தச் சத்தத்தில் வேலை வாங்கினால் முதலாளிமேல் வழக்குப் போடுவோம். சாமி காரியம் என்றால் கேள்வி கேட்பதில்லை. உறுமியின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வேண்டிய காது முப்பது வயதில் மழுங்கிப்போனால், அவன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பான்?

தோலைப் பற்றியும் பேச வேண்டும். ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் பதில் செயற்கைத் தோல் பரவிவிட்டது. மழைக்கால ஈரத்தில் இயற்கைத் தோல் தளர்ந்துவிடும், நெருப்பில் காட்டிக் காட்டி வாசிக்க வேண்டும். செயற்கைத் தோல் மழைக்கும் அசையாது, நாள்படவும் உழைக்கும். பம்பைக்கு அதை ஏற்றுக்கொள்கிறேன், தெறிப்பான சத்தம் அதற்குப் பொருந்தவே செய்கிறது. உறுமியின் தேய்க்கும் முகத்துக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இயற்கைத் தோலில் குச்சி ஊர்ந்து ஊர்ந்து எழுப்பும் அடிக்குரல் செயற்கைத் தோலில் வருவதில்லை, கீச்சென்று மேலேயே நிற்கிறது. குழுவில் பாடும் ஒரே தோலின் அடிக்குரலைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது தட்டல்தான். அடிக்கும் முகம் செயற்கையாகவும் தேய்க்கும் முகம் இயற்கையாகவும் இருந்தால் போதும். கூடுதல் செலவும் கூடுதல் பராமரிப்பும் உண்டு. இந்த ஒரு இடத்தில் அது தகும்.

சினிமா மெட்டைப் பற்றிப் பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு கோபமில்லை. காவடிச் சிந்தும் நாடக மெட்டும் ஒன்றையொன்று கடன் வாங்கித்தான் வளர்ந்தன. கவலை என்னவென்றால், சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தெரிந்த குழுவே கூட்டம் ஆர்ப்பரிக்கிறது என்பதற்காக அதை ஓரம்கட்டிவிட்டு நான்கு சினிமா மெட்டில் இரவை ஓட்டுகிறது.

ரௌடித்தனம் என்ற குற்றச்சாட்டோடு சேர்ந்து வரும் கும்பல் பேச்சுக்கு வருவோம். 2013-இல் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் என்று 49 பெயர்களை வெளியிட்டது. அதையொட்டிக் கோயில் ஊர்வலங்களில் கும்பல் எண்ணும் நிறமும் தாங்கிய சட்டைகளைப் பற்றிய எச்சரிக்கைகள் வந்தன. இது பொய்யான பயம் என்று சொல்லமாட்டேன். வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்துப் பிடிக்கும் எந்த அமைப்பையும் கும்பல்கள் மோப்பம் பிடிக்கும். அதே இளைஞனை வாரத்தில் மூன்று இரவு ஒத்திகையில் உட்கார்த்தி வைத்து, மூத்தவன் கண்ணசைவுக்குக் கட்டுப்படப் பழக்கியதும் அதே உறுமி மேளம்தான். குழுவைச் சந்தேகப்பட்டுக் கோயிலிலிருந்து விரட்டினால் அவன் யாரிடம் போய்ச் சேர்வான் என்பதை நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும். தடை இசையைத் திருத்தாது என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி. அங்கே 1973-இல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் தடை செய்யப்பட்டன. நாற்பதாண்டுகள் கடந்தும் வாசிக்கும் ஆசை அடங்கவில்லை. 2016-இல் பாதையில் சில இடங்களில் நின்று வாசிக்க அனுமதி கொடுத்தார்கள். ஒரு நல்லதும் அதில் இருக்கிறது. நடந்துகொண்டே வாசிப்பது போய் ஓரிடத்தில் நின்று வாசிக்கும்போது கேட்பவர்களும் நிற்கிறார்கள். கட்டாயத்தால் வந்த அந்த ஏற்பாட்டை நாம் விரும்பியே செய்து பார்க்கலாம்.

பெண்கள் விஷயத்தில் நம் குழுக்கள் மிகவும் பின்தங்கியவை. உறுமியும் பம்பையும் ஆண் கையில்தான் என்ற பழக்கம் இப்போதுதான் லேசாக உடைகிறது, பெண்கள் வாசிக்கும் குழுக்கள் அங்கங்கே தலைகாட்டுகின்றன. தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்களைப் பறையோடு மேடையேற்றிப் பல ஆண்டுகளாகிறது. இழவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறை அங்கே கல்லூரிக்குள் நுழைந்தது. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே நடந்ததில் நாம் கவனிக்க வேண்டியது, வாசித்தவர்கள் அடிகளைப் பெயரோடு மீட்டார்கள், அந்த அடியை வாசித்தவர்களின் சாதி வரலாற்றையும் மறைக்காமல் பேசினார்கள். நம் உறுமிக் குழுக்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளுரசி வாசிக்கிறார்கள். அது தோட்டத்துக்குப் பிந்திய வாழ்க்கை தந்த நல்ல மாற்றம். ஆனால் தப்பு என்ற பேச்சை எடுத்தால் வாயடைத்துப் போகிறது. தப்படித்த தாத்தாவின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும்வரை அவர் கையிலிருந்த அடிகள் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

ஆவணம் என்ற பக்கம் அநேகமாக வெறுமை. யூடியூபில் ஆயிரக்கணக்கான காணொளிகள் இருக்கின்றன, எல்லாம் கூட்டத்துக்கு நடுவே கைப்பேசியில் பிடித்தவை. எந்த வாத்தியமும் தனியாகக் கேட்காது. எந்த அடி, யார் கற்றுக்கொடுத்தது என்ற குறிப்பு இருக்காது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பரதத்துக்கும் செவ்வியல் இசைக்கும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கியிருக்கிறது. உறுமிக்கு அந்த அளவில் பாடத்திட்டமோ ஒலிப்பதிவுக் களஞ்சியமோ அமையவில்லை. தோட்டங்களில் வாசித்த முதியவர்கள் எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டார்கள். ஒருவர் போனால் அவரோடு எத்தனை அடி போனது என்று கணக்குச் சொல்லவும் வழியில்லை.

இதற்கெல்லாம் பெரிய நிதியும் மாநாடும் தேவைப்படாது. தோட்டக் கோயில் நிர்வாகத்தின் கையிலேயே பாதி மருந்து இருக்கிறது. ரெம்பாவ் மாவட்டத்தில் இன்னும் நடக்கும் திருவிழாக்களில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கரகம் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை கோயில் கொட்டகையில் பாய் விரித்து, குழுவை உட்கார வைத்து, ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள். அழைப்பு அடி, ஏற்றும் அடி, மலையேற்றும் அடி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசிக்கக் கேளுங்கள். பெயர் தெரியாத அடி வந்தால் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒருவர் கைப்பேசியை உறுமிக்கு இரண்டடி தூரத்தில் வைத்து முழுவதையும் பதியட்டும், வாசித்தவர் பெயரையும் அடியின் பெயரையும் எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு குழுவை அமர்த்தும்போது, மெதுவாக வாசிக்கத் தெரிந்த குழுவை முதலில் கூப்பிடுங்கள்.